ஊதாப் புல் இருக்கட்டும், சைகஸ் தொட்டிகளை அகற்றுங்கள்

கேள்வி: கோவை புறநகரில் புது வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. வாசலிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை நடைபாதையின் இருபுறமும் நர்சரிக்காரர் ‘பர்ப்பிள் பவுண்டன் கிராஸ்’ என்று ஊதாநிறப் புல்லை வரிசையாக நட்டுக் கொடுத்தார். மூன்றடி உயரம் வளர்ந்து, நீளநீளமாகக் கதிர் விட்டு, பார்க்க அழகாக இருக்கிறது. வரிசையின் இரண்டு முனைகளிலும் சைகஸ் தொட்டிகள். எங்களிடம் நான்கு வயது கோல்டன் ரெட்ரீவர் ஒன்றும் ஐந்து மாதச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றும் இருக்கின்றன. கோல்டன் அந்தப் புல்லை அவ்வப்போது தின்கிறது. சில நேரம் வாந்தி எடுக்கிறது. குட்டி கதிரை இழுத்துக் கடித்துக் குதறுகிறது. இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் ஆபத்தில்லை என்கிறார்கள்; இன்னோரிடத்தில் ‘பாக்ஸ்டெயில்’ புல் நுரையீரல் வரை போய் நாயைக் கொல்லும் என்கிறார்கள். என் மாமனார் இளஞ்சோளம் மேய்ந்து மாடு செத்ததை நேரில் பார்த்தவர். எல்லாவற்றையும் பிடுங்கிப் போடு என்கிறார். புல்லுக்கு எலும்புத்தூளும் ஆமணக்குப் புண்ணாக்கும்தான் உரம், ரசாயனம் எதுவும் இல்லை. மாலையில் நாய்களைப் பக்கத்துக் காலி மனையில் அவிழ்த்துவிடுவோம். புல்லை எடுத்துவிட வேண்டுமா? நாய் புல் தின்பதை எப்படி நிறுத்துவது?

பதில்: புல்லைப் பிடுங்க வேண்டாம். நாய்க்கு நஞ்சு என்று அறியப்பட்ட பொருள் எதுவும் அதில் இல்லை. ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய மூன்று விஷயங்கள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன: சைகஸ் தொட்டி, ஆமணக்குப் புண்ணாக்கு, காலி மனை. முதல் இரண்டையும் இன்றைக்கே கவனித்துவிடுங்கள். புல்லைப் பற்றிய விவரத்தை அதற்குப் பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

சைகஸ் பார்ப்பதற்குக் குட்டைப் பனையாகத் தெரிந்தாலும் பனை இனத்தைச் சேர்ந்தது அல்ல. ஜப்பானின் தென்பகுதித் தீவுகளிலிருந்து உலகெங்கும் வீட்டு வாசல்களுக்கு வந்து சேர்ந்த செடி. அதன் இலை, தண்டு, வேர், விதை எல்லாவற்றிலும் சைகாசின் என்ற நஞ்சு இருக்கிறது, விதையில்தான் மிகுதி. ஒன்றிரண்டு விதைகளே ஒரு நாயைக் கொல்லப் போதும். தின்ற சில மணி நேரத்தில் வாந்தி தொடங்கும். சில நாய்கள் நடுவில் தெளிந்ததுபோலத் தோன்றி வீட்டாரை ஏமாற்றும். இரண்டு மூன்று நாளில் கல்லீரல் செயலிழந்து, கண்ணும் ஈறும் மஞ்சளாகி, மலத்தில் ரத்தம் வரும். மாற்று மருந்து கிடையாது. சிகிச்சை பெற்ற நாய்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒன்று முதல் பாதி வரை இறந்ததாக அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகள் காட்டுகின்றன. உங்கள் செடி இன்னும் விதை விடவில்லை என்றாலும், பல் முளைக்கும் குட்டி தொட்டியின் அடித்தண்டைக் கடித்துக் குடைய எத்தனை நேரம் ஆகும்? நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்கிறார்களே, அது இதன் உறவுச் செடி ஒன்றின் ஆண்கூம்பு. வீட்டில் அதுவும் இருந்தால் நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தொட்டிகளை மொட்டை மாடிக்கு ஏற்றுவதைவிட, நாய் இல்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடுவதே நல்லது. மொட்டை மாடிக்கு நாய் போகாது என்று சொன்ன எந்த வீட்டிலும் அது உண்மையாக இருந்து நான் பார்த்ததில்லை.

அடுத்து புண்ணாக்கு. ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின் எண்ணெயில் கரைவதில்லை. அதனால் எண்ணெயை ஆட்டி எடுத்த பிறகும் அது சக்கையிலேயே தங்கிவிடுகிறது. நன்றாகச் சூடேற்றிப் பதப்படுத்திய புண்ணாக்கில் அது சிதைந்துவிடும் என்றாலும், உரக்கடையில் சாக்கிலிருந்து அள்ளித் தரும் புண்ணாக்கு அப்படிப் பதப்படுத்தப்பட்டதா என்பது கடைக்காரருக்கே தெரிந்திருக்காது. இதோடு எலும்புத்தூளைக் கலந்து மண்ணில் போட்டால், நாயின் மூக்குக்கு அது உரம் அல்ல, உணவு. மண்ணைப் பறித்துத் தின்னும். ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள், சிலவற்றுக்கு இன்னும் தாமதமாகவும், வாந்தி, வயிற்றுவலி, ரத்தம் கலந்த பேதி, பிறகு சோர்ந்து விழுதல் என்று போகும். இதற்கும் மாற்று மருந்து இல்லை; குளுக்கோஸ் ஏற்றி, உடம்பைத் தாங்கிப் பிடித்துக் காத்திருப்பதுதான் சிகிச்சை. குட்டிகளுக்கு ரத்தப் பேதி உண்டாக்கும் பார்வோ வைரஸ் என்று நினைத்து எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவருபவற்றில் உரம் தின்றவையும் உண்டு. அதனால் ரத்தப் பேதி என்றாலே தோட்டத்தில் என்ன உரம் போட்டீர்கள் என்று நான் கேட்பது வழக்கம். ரசாயனம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ரிசினும் ரசாயனம்தான், செடியே தயாரித்தது என்பதால் அது நாய்க்கு இரக்கம் காட்டாது. மேலே கிடக்கும் உரத்தைச் சுரண்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள். மீதிச் சாக்கையும் வீட்டில் வைக்காதீர்கள். மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ இந்தப் புல்லுக்குத் தாராளம். உண்மையில் இது வறண்ட நிலத்துப் புல். உரமே இல்லாமலும் வளரும்.

தோட்ட வேலைக்கு ஆள் வருகிறார் என்றால் அவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வேர்ப்புழுவுக்கு என்று குருணை மருந்து ஏதாவது போடுகிறாரா? போரேட் குருணை இந்தியாவில் 2020 இறுதியோடு தடை செய்யப்பட்டது. ஆனால் பழைய இருப்பு எங்கே எவ்வளவு கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உமிழ்நீர் ஒழுகி, கண்மணி சுருங்கி, உடம்பு நடுங்கும் நாயைப் பார்த்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இனி உங்கள் புல்.

மாமனார் சொன்னது பொய்யில்லை. அதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள், பெரியவர் சந்தோஷப்படுவார். இளஞ்சோளத்திலும், அறுத்த பிறகு துளிர்க்கும் மறுதாம்புச் சோளத்திலும், மழை இல்லாமல் வாடிய சோளத்திலும் துரின் என்ற பொருள் மிகுந்திருக்கும். இலையை மெல்லும்போது அது உடைந்து சயனைடு வெளிப்படுகிறது. மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் அந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்துவிடுகின்றன. மேய்ந்த சிறிது நேரத்திலேயே மாடு மூச்சுத் திணறி விழுவது இதனால்தான். சரியான நேரத்தில் மருத்துவர் போய்ச் சேர்ந்து ரத்தக் குழாயில் ஊசி போட்டால் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் உங்கள் வீட்டுப் புல் சோளத்தின் உறவு அல்ல, கம்பின் உறவு. நர்சரிகளில் இன்றும் பென்னிசெட்டம் என்ற பழைய பெயரில்தான் விற்கிறார்கள். 2010-இல் தாவரவியலாளர்கள் அந்தப் பேரினத்தைச் சென்கிரஸ் என்பதோடு இணைத்துவிட்டார்கள். நாம் தின்னும் கம்பு, மாட்டுக்கு வளர்க்கும் நேப்பியர், கொங்கு நாட்டு மேய்ச்சல் காடுகளில் ஆடுமாடுகளின் முதன்மைத் தீனியான கொழுக்கட்டைப் புல், எல்லாம் இந்தக் குடும்பம்தான். கொழுக்கட்டைப் புல்லின் கதிரை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்து, பிறகு உங்கள் வாசல் புல்லின் கதிரையும் பார்க்கச் சொல்லுங்கள். மாமனாருக்கு வேறு விளக்கமே தேவைப்படாது. கம்பில் சோளத்தைப்போலச் சயனைடு உண்டாவதில்லை.

இந்தக் குடும்பத்துக்கும் ஒரு குறை உண்டு. உடம்பில் கால்சியம் சேரவிடாத ஆக்சலேட் உப்பு இதில் சேரும். நேப்பியர், நீலகிரியில் படர்ந்திருக்கும் கிக்குயு, ஆஸ்திரேலியர்கள் மேய்ச்சலுக்குப் பயிரிட்ட செட்டேரியா ஆகிய புற்களை மட்டுமே மாதக்கணக்கில் தின்ற குதிரைகளுக்குக் கால்சியம் குறைந்து முக எலும்பு வீங்கியிருக்கிறது. மாதக்கணக்கில் வேளாவேளைக்குப் புல்லையே தின்னும் குதிரையின் கதை அது. உங்கள் கோல்டன் ஒரு நாளைக்கு நாலு புல்தாள் கடிப்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆக, இதில் நஞ்சு இல்லை. ஆனால் நஞ்சு இல்லாத பொருளாலும் காயம் படலாம். இணையத்தில் நீங்கள் படித்த இரண்டு செய்திகளும் அங்கேதான் பிரிகின்றன. அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவில், ‘பாக்ஸ்டெயில்’ என்று பயமுறுத்துவது காட்டு பார்லி போன்ற புற்களை. கோடையில் காய்ந்ததும் அவற்றின் கதிர் துண்டுதுண்டாக உதிரும். ஒவ்வொரு துண்டிலும் கூரான முனையும், பின்னோக்கிச் சாய்ந்த நுண்ணிய முட்களும் இருக்கும். தூண்டில் முள் போலத்தான்: உள்ளே போகும், திரும்பி வராது. நாய் நடக்க நடக்க, தசை அசைய அசைய, அது முன்னேறிக்கொண்டே இருக்கும். விரலிடுக்கில் நுழைந்தது முழங்கால் வரை போகும். மூக்கில் நுழைந்தது மூச்சுக்குழலுக்குப் போகும். அங்கிருந்து நுரையீரலைத் துளைத்து நெஞ்சுக்குள் சீழ் கட்டும். மிகைப்படுத்தல் இல்லை, அது நடப்பதுதான். கலிபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் 182 நாய், பூனைகளை வைத்து 1983-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இப்படிப் புல்முள் ஏறிய இடங்களில் காதுத் துளையே முதலிடம் பெற்றது.

அந்தப் புற்கள் கோவைச் சமவெளியில் வளர்வதில்லை. உங்கள் ஊதாப் புல்லின் கதிரில் இருப்பது இறகுபோல மென்மயிர் கொண்ட தூவி. பின்னோக்கிய கொக்கி முட்கள் அதில் கிடையாது. இன்னொரு சாதகமும் இருக்கிறது: இலை முழுதும் ஊதாவாக இருக்கும் இந்த வகை, பெரும்பாலும் விதை பிடிக்காத மலட்டு வகை. தூர் பிரித்துத்தான் நர்சரியில் பெருக்குகிறார்கள். பச்சை இலையும் வெளிர்ச் சிவப்புக் கதிருமாக இருக்கும் மற்ற வகைதான் காற்றில் விதை பரப்பித் தானாக முளைக்கும். ஹவாயில் எரிமலைப் பாறைச் சரிவுகளையே பிடித்துக்கொண்டு, காட்டுத்தீக்கு விறகாகிறது என்று அங்கே அதை வேட்டையாடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அதை ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்தது. உங்கள் நடைபாதையின் விரிசலிலோ, நடாத இடத்திலோ குட்டிக் குட்டியாக இதே புல் முளைக்கிறதா என்று பாருங்கள். முளைத்தால் நர்சரிக்காரர் வேறு ஏதோ கொடுத்திருக்கிறார் என்று பொருள். அதை மட்டும் எடுத்துவிடுவதில் எனக்கு மறுப்பில்லை.

முள் இல்லை என்பதால் குட்டி கதிரைக் குதறுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காய்ந்த தூவி ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் சிக்கும். கண்ணில் விழுந்தால் உறுத்தும். தொண்டையில் ஒட்டினால் இருமிக்கொண்டே இருக்கும். இலையின் ஓரமும் சொரசொரப்பானது. நாக்கின் ஓரத்தில் கீறலோடு வரும் குட்டிகளுக்கு அது இரண்டு நாளில் தானாக ஆறிவிடும். அபூர்வமாக இன்னொன்று நடப்பதுண்டு. நீளமான புல்தாளை விழுங்கிய நாய் குமட்டும்போது, தாள் அண்ணத்துக்குப் பின்புறம் வழியாக மூக்குக்குள் மேலேறி மாட்டிக்கொள்ளும். தும்மலும், மூச்சை உள்ளே இழுத்து இழுத்து உறுமுவதும், மீண்டும் மீண்டும் விழுங்குவதுமாக நாள்கணக்கில் போனால், மயக்க மருந்து கொடுத்து அண்ணத்தின் பின்னால் பார்க்க வேண்டும். எடுத்துவிட்டால் அன்றைக்கே சரியாகிவிடும்.

அதனால் பிடுங்குவதற்குப் பதில் கத்தரியுங்கள். கதிர் ஊதாவிலிருந்து வெளுத்துப் பழுப்பாக மாறத் தொடங்கும்போதே காம்போடு வெட்டிவிட்டால் தூவி உதிர்வதற்கு வாய்ப்பில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தூரைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு முழுதாக வெட்டிவிடுங்கள், புதிதாகத் துளிர்க்கும். குட்டிக்கு நிலைப்பல் முளைத்து முடிய ஏழு மாதம் வரை ஆகும். அதுவரை வரிசைக்கு முன்னால் இரண்டடி உயரக் கம்பிவலை ஒன்றை நட்டு வைத்தால் போதும். சிப்பிப்பாறை தாண்டாதா என்று கேட்பீர்கள். தாண்டும். ஆனால் கடிப்பதற்கு என்று மெனக்கெட்டுத் தாண்டும் குட்டி குறைவு, அதற்கு வேறு கடிக்கப் பொருள் இருந்தால்.

தூர் அடர்ந்து தரையோடு படிந்துவிடாமல் அடியில் அரையடி தெரியும்படி வைத்திருங்கள் என்று சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. புறநகர் மனைகளில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ஒண்டுவதற்கு இப்படிப்பட்ட நிழலைத்தான் தேடும். மோப்பம் பிடித்துத் தலையை உள்ளே நுழைக்கும் நாய்க்கு முகத்திலேயே கடி விழும். உண்ணிக்கு இந்தப் புல்லைக் குறை சொல்லாதீர்கள். நம் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி புல்லைவிடச் சுவர் விரிசலிலும் நாய் படுக்கும் இடத்திலும்தான் முட்டையிட்டுப் பெருகுகிறது.

காலி மனைக்கு வருகிறேன். நீங்கள் இணையத்தில் படித்துப் பயந்த ஆபத்தின் நம்மூர் வடிவம் அங்கேதான் இருக்கிறது. கேட்டுக்கு இந்தப் பக்கம் நீங்கள் நீரூற்றி வளர்ப்பதை விட்டுத்தள்ளுங்கள். அந்தப் பக்கம் தானாக முளைத்ததைப் பாருங்கள். துணியில் ஒட்டிக்கொண்டு வரும் ஒட்டுப்புல்லின் கதிரில் பின்னோக்கிய நுண்முட்கள் உண்மையாகவே இருக்கின்றன; கதிரைக் கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் உருவிப் பார்த்தால் விரலுக்கே வித்தியாசம் தெரியும். ஊசிப்புல் அதைவிட மோசம். அதன் விதையின் முனை ஊசி. வாலோ ஈரம் பட்டால் முறுக்கு அவிழ்ந்து சுழலும், காய்ந்தால் மீண்டும் முறுக்கிக்கொள்ளும். மண்ணுக்குள் தன்னைத் தானே திருகி நட்டுக்கொள்ள அது கண்டுபிடித்த வழி. ஆட்டின் தோலுக்குள்ளும் அதே வேலையைச் செய்யும் என்பதை ஆடு வளர்ப்பவர்கள் அறிவார்கள். இவற்றோடு நாயுருவியும் நெருஞ்சியும் சேர்ந்தால் மனை நிறைந்துவிட்டது. மழை முடிந்து புல் காயும் மார்கழி, தை மாதங்களில்தான் இதற்காக நாய்களை அதிகம் கொண்டுவருகிறார்கள்.

உங்கள் இரண்டு நாய்களும் இதில் ஒன்றல்ல. சிப்பிப்பாறைக்கு ஒட்டிய குட்டை ரோமம். முள் பட்டாலும் பெரும்பாலும் வழுக்கி விழுந்துவிடும், விரலிடுக்கையும் காதையும் பார்த்தால் போதும். கோல்டனோ நடமாடும் துடைப்பம். காதின் ஓரம், தொடையின் பின்புறம், வால், விரல்களுக்கு நடுவே நீண்டு வளரும் மயிர் என எல்லா இடத்திலும் அள்ளிக்கொண்டு வரும். தொங்கும் காது வேறு. விரலிடுக்கு மயிரை மாதம் ஒருமுறை மழுங்கிய கத்தரிக்கோலால் குறைத்துவிடுங்கள். வீடு திரும்பியதும் படிக்கட்டில் உட்கார வைத்து, நான்கு பாதங்களிலும் ஒவ்வொரு விரலிடுக்காக விரித்துப் பாருங்கள். பிறகு காதின் உள்மடல், அக்குள், வாலின் அடி. சீப்பை நம்பாதீர்கள், கையால் தடவுங்கள். முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தின்ன ஏதாவது கொடுத்துப் பழக்கிவிட்டால் பிறகு தானே காலை நீட்டும்.

முள் உள்ளே போய்விட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? மனையில் ஓடிக்கொண்டிருந்த நாய் திடீரென்று நிற்காமல் அடுக்கடுக்காகத் தும்மி, ஒரே ஒரு மூக்குத் துளையிலிருந்து ரத்தம் கசிந்தால் மூக்கில் இருக்கிறது. சளி என்றால் பொதுவாக இரண்டு துளையிலும் ஒழுகும். ஒரு பக்கம் மட்டும் என்பதுதான் சந்தேகத்துக்குரியது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உதறிக்கொண்டே இருந்தால் காதில். ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு நீர் வடித்தால் இமைக்கு உள்ளே. அது அன்றைக்கே பார்க்க வேண்டியது, கருவிழியில் புண்ணாகிவிடும். ஒரே பாதத்தை ஓயாமல் நக்கி, விரலிடுக்கில் சிவந்த கொப்புளம் எழும்பி, உடைந்து, ஆறி, மறுபடியும் அதே இடத்தில் எழும்பினால் முள் இன்னும் வெளியே வரவில்லை.

இந்தக் கடைசி அறிகுறிதான் பலரையும் அலைய வைக்கிறது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஒரு வாரம் அடங்கும், மாத்திரை முடிந்ததும் திரும்ப வரும். மாத்திரையை மாற்றிப் பார்ப்பார்கள். அதற்கும் அடங்கித் திரும்ப வரும். ஒரு டாபர்மேனுக்கு விலா ஓரத்தில் இப்படிக் கட்டி வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஒன்றும் இருக்காது, எலும்பும் உலோகமும்தான் எக்ஸ்ரேயில் பளிச்சென்று விழும், புல்முள் விழாது. ஸ்கேன் செய்து பார்த்தபோது சீழுக்கு நடுவே ஒரு சிறிய கோடு தெரிந்தது. கீறி எடுத்தது அரை அங்குலம்கூட இல்லாத ஊசிப்புல் விதை. அதன் பிறகு அந்த இடத்தில் கட்டி வரவில்லை. ஆகவே இரண்டாவது முறை திரும்பி வந்த கட்டிக்கு மூன்றாவது வகை மாத்திரை கேட்காதீர்கள். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்க முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். காரணம் தெரியாத காய்ச்சல், எடை குறைதல், இருமல் ஆகியவற்றோடு வரும் நாயின் மருத்துவரிடம் காலி மனை விவரத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

தோலுக்கு வெளியே வால் தெரிகிற முள்ளை நீங்களே இடுக்கியால் நேராக இழுத்து எடுக்கலாம். பாதியில் ஒடிந்தாலோ, காது, மூக்கு, கண்ணில் இருந்தாலோ கை வைக்காதீர்கள். காதுக்குள் நல்லெண்ணெய் ஊற்றினால் வழுக்கி வந்துவிடும் என்பார்கள். வராது, செவிப்பறை ஏற்கெனவே கிழிந்திருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

மனையின் உரிமையாளரைத் தெரியுமென்றால், கதிர் பழுக்கும் முன் ஆள் வைத்து வெட்டிவிட அனுமதி கேளுங்கள். முடியாவிட்டால் அந்த இரண்டு மூன்று மாதம் மட்டும் நாய்களைச் சங்கிலியோடு தார்ச்சாலையில் நடத்துங்கள், வெயில் ஏறுவதற்கு முன்.

நாய் புல் தின்பதை எப்படி நிறுத்துவது என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம். வயிறு சரியில்லாமல்தான் தின்கிறது என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இருக்கிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், செடி தின்னும் 1,500-க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டிருந்தார்கள். 68 விழுக்காடு நாய்கள் தினமுமோ வாரந்தோறுமோ தின்பவை. தின்பதற்கு முன்பு அடிக்கடி உடல்நலமின்றித் தெரிந்தவை 8 விழுக்காடு மட்டுமே. தின்ற பிறகு வழக்கமாக வாந்தி எடுத்தவை 22 விழுக்காடு. அதாவது உங்கள் கோல்டன் அந்த ஐந்தில் ஒரு பங்கு நாய்களில் ஒன்று, அவ்வளவே. காட்டு ஓநாயின் மலத்திலும் புல் இருக்கிறது. வாந்தியில் புல்லும் கொஞ்சம் நுரையும் மட்டும் வந்து, அடுத்த வேளை வழக்கம்போலச் சாப்பிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. திடீரென்று வெறிபிடித்ததுபோல நாள் முழுதும் தின்றாலோ, ஒரு நாளில் பலமுறை வாந்தி வந்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ அது வேறு விஷயம், அழைத்துவாருங்கள். மலத்துவாரத்தில் நீளமான தாள் தொங்கினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். மெதுவாக இழுத்துப் பார்த்து, தடுத்தால் விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எதைத் தின்றிருந்தாலும் வாந்தி எடுக்க வைப்பதற்காக உப்புக் கரைசல் புகட்டாதீர்கள். நாய் வாந்தி எடுக்காமல் போனால் உப்பு ரத்தத்தில் ஏறி மூளை பாதிக்கப்படும். நஞ்சைவிட வைத்தியம் முந்திக்கொண்ட நாய்கள் உண்டு. சைகஸையோ புண்ணாக்கையோ தின்றது என்று தெரிந்தால், மிச்சத்தை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்கு வாருங்கள். வாந்தி எடுக்க வைக்கும் ஊசி எங்களிடம் இருக்கிறது. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால்தான் அதற்குப் பயன்.

அலங்காரப் புல் வாங்க நர்சரிக்குப் போனால் இன்னும் இரண்டு பெயர்கள் சொல்வார்கள். ‘மாண்டோ கிராஸ்’ உண்மையில் புல்லே அல்ல. அதன் நீலநிறப் பழங்களைத் தின்றால் வயிறு கெடும், பழம் விட்டதும் கிள்ளிப் போட்டுவிடுங்கள். எலுமிச்சைப் புல் நாம் தேநீரில் போடுவதுதான், ஆனால் அதன் எண்ணெய் நாயின் வயிற்றைப் புரட்டும். ஒரு தாள் தின்றால் ஒன்றுமில்லை, தூரையே மேயும் நாய் இருந்தால் தள்ளி நடுங்கள். வெட்டிவேர் பிரச்சினை இல்லாதது.

குட்டிக்கு என்று ஓர் அகலத் தட்டில் அருகம்புல்லோ கோதுமைப் புல்லோ வளர்த்து, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் வையுங்கள். கோல்டனும் அங்கேதான் போகும், பாருங்கள். அந்தத் தட்டில் வேப்பெண்ணெய்க் கரைசல் உட்பட எதையும் தெளிக்க வேண்டாம். தெருநாய்கள் வந்துபோகும் காலி மனையில் புல்லோடு சேர்த்துப் புழு முட்டையையும் நாய்கள் விழுங்கும். குட்டிக்குக் குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒருமுறை, அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கோல்டனுக்கும் சேர்த்தே கொடுங்கள். மாத்திரையின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால், கொடுக்கும் முன் இரண்டையும் எடை போட்டுவிடுங்கள்.